வீட்டுக்கு ஒரு கை

அம்மாவின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. நிலூஜா முழங்கையைப் பிடித்து மெல்லத் தள்ளிப் பார்த்தாள். பிறகு இழுத்துப் பார்த்தாள். குளிரில் இறுகிப்போன கை, ஒரு விரல்கூட மடங்கவில்லை. இறுதிச்சடங்கு நிறுவனத்துப் பெண் பக்கத்தில் வந்து, சட்டையை முதுகுப் பக்கமாக வெட்டிவிட்டால் இலகுவாக இருக்கும், முன்னுக்குத் தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம் என்று நொர்வேஜிய மொழியில் மிக மரியாதையாகச் சொன்னாள்.

"வெட்டட்டும் பிள்ளை," என்றார் யோசெப்பின் மாமி. அம்மாவின் நெடுநாள் சிநேகிதி. காலையிலிருந்து சேலை மடிப்பைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"வேண்டாம். அம்மா தானே தைச்ச சட்டை."

"அவ இனி அதைக் கழட்டப் போறாவே?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. யூலியன் மாமா. சொந்த மாமா இல்லை. ஊர்க்காரர், ஊர்ச் சபையின் செயலாளர். நிலூஜா தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசியைச் செருகிக்கொண்டாள்.

"பிள்ளை, இடைஞ்சலுக்குக் குறை நினைக்காதை. இரங்கல் தீர்மானம் எழுதி முடிச்சிட்டன். ஒருக்கா வாசிக்கிறன், கேள்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எமது சபையின் மாண்புமிகு சபாநாயகர் அருட்செல்வம் அவர்களின் அன்புப் பாரியார் இறைபதம் எய்தியமை குறித்து இச்சபை ஆழ்ந்த துயரடைகின்றது. சபாநாயகர் அவர்களின் நெடுங்காலச் சேவைக்கு உறுதுணையாக நின்ற அன்னாரின் பிரிவால்..."

"அம்மாவின்ரை பேர் எங்கை மாமா?"

"என்ன?"

"அருள்ராணி. எங்கை வருது?"

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உனக்குத் தெரியும்தானே பிள்ளை. கை இல்லாத ஆக்களின்ரை பேர் தீர்மானத்திலை வாறேல்லை. ஊரிலையிருந்து வாற முறை. நான் வைச்ச முறையில்லை."

நிலூஜா தொலைபேசியை அணைத்து மேசையில் போட்டாள். அதைப் போட்ட வேகத்தில் நிறுவனத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். "வெட்டுங்கள்," என்றாள் நிலூஜா அவளிடம். கத்தரிக்கோல் அம்மாவின் தையலைக் கடந்து போகும் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஊர் என்பது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, வள்ளத்தில் போனால் சாப்பாட்டு நேரத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு சின்னத் தீவு. அந்தத் துண்டு மணலுக்கு ஒரு பாராளுமன்றம் இருந்தது. அரசாங்கம் அதை ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. தீவாரும் அதையிட்டுக் கவலைப்பட்டதில்லை. கோயில் முன்றலில் கூடி, எந்தப் பக்கம் யார் வலை போடுவது, நன்னீர்க் கிணறு எப்போது இறைப்பது, யாருடைய ஆடு யாருடைய வேலியைத் தின்றது என்பதையெல்லாம் கை உயர்த்தித் தீர்த்துக்கொண்டார்கள். சண்டை வந்து தீவு காலியானபோது சனம் சட்டி பானையை விட்டுவிட்டு வந்தது. சபையை மட்டும் விடவில்லை. அது இப்போது நொர்வேயில், புருசெத் என்ற இடத்து அடுக்குமாடித் தொகுதியின் கீழ்த்தளத்து மண்டபத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுகிறது. சபாநாயகருக்கு ஒரு சிவப்புச் சால்வை உண்டு, ஒரு கைமணி உண்டு. கேள்வி நேரம் உண்டு. அனுமதி கேட்காமல் எழும்பினால் மணி அடிக்கும். நொர்வே நாட்டுப் பாராளுமன்றத்தில்கூட இந்த ஒழுங்கு கிடையாது என்பார் அப்பா. பேக்கரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அந்தச் சபாநாயகர் கதிரைதான்.

வீட்டுக்கு ஒரு கை. அதுதான் சபையின் முதல் விதி. அந்தக் கை வீட்டுத் தலைவனுடையது. பெண்கள் பக்கத்துச் சமையலறையில் ரோல்ஸ் பொரித்து, தேநீர் ஊற்றி, கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். புருசன் இறந்தால் கை மனைவிக்கு வரும். "மனுசன் செத்தாப்பிறகுதான் எனக்குக் கை முளைச்சது," என்று யோசெப்பின் மாமி சொல்லிச் சிரிப்பார். கலியாணம் கட்டாத மகள் எந்த ஊரில் எந்த வீட்டில் இருந்தாலும் தகப்பன் வீட்டுக் கணக்கு. சபாநாயகரோ நடுநிலையானவர், அவர் கை உயர்த்துவதில்லை. ஆகவே அருட்செல்வம் வீட்டுக்கு அரைக் கைகூடக் கிடையாது. பேர்கன் நகரில் சொந்தமாக வீடு வாங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவையே நடத்துகிற நிலூஜா, தீவுச் சபையின் கண்ணுக்குக் கையில்லாதவள்.

அம்மா அதை மாற்றப் பார்த்தார். வீட்டுக்கு இரண்டு கை என்று ஒரு பிரேரணை. அவர் கொண்டுவர முடியாது என்பதால் யோசெப்பின் மாமி கொண்டுவந்தார். வழிமொழிய ஆளில்லாமல் ஒவ்வொரு வருசமும் அது விழுந்தது. அம்மா ஒவ்வொரு வருசமும் அதே பிரேரணையைத் திரும்பக் கொடுத்தார், ரோல்ஸும் பொரித்தார். கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனான ரிசாந் என்ற பெடியன் எழும்பி, வழிமொழிகிறேன் என்றான். அன்றைக்கு நிலூஜாவும் பேர்கனிலிருந்து வந்து நின்றாள். கைகளை எண்ணினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் சமன்.

சமனாக வந்தால் மட்டும் சபாநாயகர் கை உயர்த்தலாம். எந்தப் பக்கம் உயர்த்தவேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது: பழையது எதுவோ அந்தப் பக்கம். அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். சால்வையைச் சரிசெய்தார். எதிர்ப்புக்குக் கையை உயர்த்தினார். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற அம்மா தட்டைக் கீழே வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

"நீங்கள் ஏனம்மா அவரை ஒண்டும் கேக்கேல்லை?" என்று அன்றிரவு நிலூஜா கத்தினாள்.

"என்னத்தைக் கேக்கிறது? அவர் கதிரையிலை இருந்து செய்தவர். நான் வீட்டிலை ஆரோடை கோவிக்கிறது?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் சபைப் பக்கம் போகவில்லை. அந்தக் கோடையில் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள்.

நிலூஜா வீட்டுக்கு வந்தபோது அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கறுப்புக் கோட், வெள்ளைச் சேர்ட். தோளில் சிவப்புச் சால்வை. அதை மடிப்புக் கலையாமல் இரண்டு ஊசி குத்தியிருந்தார். சோபாவில் அம்மாவின் ஆஸ்பத்திரிப் பை அவிழ்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. அதைத் தாண்டிப்போய்ச் சால்வைக்கு ஊசி தேடியிருக்கிறார்.

"அதைக் கழட்டுங்கோ அப்பா."

"சபை வருது பிள்ளை. ஆர் தலைமை தாங்கிறது?"

"ஆரும் தாங்கட்டும். நீங்கள் செத்தவீட்டுக்காரர். முன்வாங்கிலை எனக்குப் பக்கத்திலை இருங்கோ."

"சபாநாயகர் உயிரோடை நிக்கேக்கை இன்னொரு ஆள் தலைமை தாங்கினதில்லை. கொம்மாவுக்கு அது மரியாதையும் இல்லை. சபை முழுக்க எழும்பி நிண்டு கை எடுக்கப்போகுது. எத்தினை பேருக்கு அது கிடைக்கும்?"

"ஆருக்குக் கை எடுக்கப்போகுது? அதிலை அம்மாவின்ரை பேரே இல்லை."

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "யூலியன் வாசிச்சுக் காட்டினவனோ?"

"ஓம். பேரைப் போடச் சொல்லுங்கோ. ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னால் அவர் எழுதுவார்."

"முறை ஒண்டு இருக்குது நிலூஜா. எனக்கு வேண்டின ஆள் எண்டு நான் மாத்தினால், நாளைக்கு எல்லாரும் தங்கடை ஆக்களுக்கு மாத்தச் சொல்லுவினம். பிறகு சபை எண்டு ஒண்டு இருக்குமோ?"

"வேண்டின ஆளோ? அவ உங்கடை பெண்சாதி!"

அவர் காற்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் திரும்ப மடித்து வைத்தார்.

"போன மாசம் அம்மாவுக்குத் தண்ணியும் இறங்கேல்லை. நீங்கள் ஆண்டுக் கூட்டம் எண்டு எழும்பிப் போனனீங்கள்."

"அவதான் போகச் சொன்னவ."

அது உண்மை. அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பார். அது உண்மையாக இருந்ததுதான் நிலூஜாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இந்த மனிதரை ஒரு குற்றத்திலும் பிடிக்க முடியாது. குடித்ததில்லை, அடித்ததில்லை, ஒரு சதம் வீணாக்கியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருப்பார், இல்லாவிட்டால் அம்மாவின் அனுமதி வைத்திருப்பார். அவளுக்கு அந்தச் சால்வையைப் பிடித்து இழுத்துக் கிழிக்கவேண்டும்போல் இருந்தது. இழுக்கவில்லை. வெளியே கார் வந்து நின்றது.

சிற்றாலயம் குரோருட் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. வாசலில் சேறும் பனியும் கலந்து மிதிபட்டுக் கிடந்தன. வந்தவர்கள் சப்பாத்தைத் தட்டித் தட்டி உள்ளே போனார்கள். மூடிய வெள்ளைப் பெட்டியின் மேல் ரோசாப் பூக்கள். அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து மூன்று நொர்வேஜியப் பெண்கள் வந்து பின்வரிசை வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய மலர்வளையத்து நாடாவில் பெரிய எழுத்தில் "ராணி" என்று இருந்தது. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நிலூஜாவின் நெஞ்சு கொதித்தது.

செபம் தொடங்குவதற்கு முன் சபை கூடுவது வழக்கம். செபம் நடத்த வந்த சுவாமி அதை அறிந்தவர், ஓரக் கதிரையில் செபப் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு இருந்தார். ஆலயப் பணியாளர் கதவடியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இது என்ன கூத்து என்று விளங்கியிராது. வீட்டுத் தலைவர்கள் எழும்பிப் பெட்டியின் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கிடையில் கையுள்ள பெண்களாக யோசெப்பின் மாமியும் இன்னும் இரண்டு கைம்பெண்களும். மற்றப் பெண்கள் வாங்குகளிலேயே இருந்தார்கள். அப்பா பெட்டியின் தலைமாட்டில் நின்று கைமணியை ஒரு தரம் அசைத்தார்.

"சபை கூடியது."

அந்தக் குரல் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. கதிரைக்கென்று அவர் வைத்திருக்கும் குரல். யூலியன் மாமா முன்னால் வந்து தீர்மானத்தை வாசித்தார். மாண்புமிகு சபாநாயகர் என்று மூன்று இடத்தில் வந்தது. பாரியார் என்று ஒரு இடத்தில் வந்தது. அன்னார் என்று இரண்டு இடத்தில் வந்தது. யாரோ ஒருவர் வழிமொழிந்தார்.

"ஏற்போர் கை உயர்த்துக."

கைகள் உயர்ந்தன. யோசெப்பின் மாமியின் கை மட்டும் கொஞ்சம் தயங்கி உயர்ந்தது. ஒரு தரம் நிலூஜாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்தினார். அப்பா விரலால் சுட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பெட்டியைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கைகளையும் ஒன்று தவறாமல் எண்ணினார்.

இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேற வேண்டும். ஒரே ஒரு கை எதிர்த்தாலும் அது நிற்காது. ஆனால் செத்தவீட்டில் யார் எதிர்க்கப்போகிறார்கள்? பகையாளிகூட அன்றைக்குக் கை எடுத்துவிட்டுப் போவான். அதனால் அடுத்த கேள்வியைச் சபாநாயகர்கள் சடங்குக்குக் கேட்பார்கள், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அப்பாவும் குனிந்தபடியே கேட்டார்.

"மறுப்போர்?"

நிலூஜா எழும்பினாள். எழும்பும்போதுகூட என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எழும்பிய பிறகு கை தானாக மேலே போனது.

"ஒருமன..." என்று தொடங்கிய அப்பா, சனத்தின் சலசலப்பில் நிமிர்ந்தார். அவளைக் கண்டார்.

"நிலூஜா," என்றார் யோசெப்பின் மாமி மெதுவாக.

யூலியன் மாமா ஒரு அடி முன்னுக்கு வந்தார். "ஒழுங்குப் பிரச்சினை, சபாநாயகர் அவர்களே. பிள்ளை துக்கத்திலை நிக்குது, நாங்கள் குறை நினைக்கேல்லை. ஆனால் முறைப்படி அவ தகப்பன் வீட்டுக் கணக்கு. சபாநாயகர் வீட்டுக்குக் கை இல்லை. அப்ப அங்கை கையே இல்லை. ஒருமனதாக எண்டு எழுதிறன்."

எல்லாம் சரி. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அம்மாவின் பிரேரணை விழுந்த அன்றும் எல்லாம் இப்படித்தான் சரியாக இருந்தது. நிலூஜா கையை இறக்கவில்லை.

"கையை இறக்கு பிள்ளை," என்றார் அப்பா. கதிரைக் குரல் இல்லை இது, வீட்டுக் குரல்.

"ஆர் சொல்லுறது? சபாநாயகரோ, அப்பாவோ?"

பின்வாங்கில் இருந்த நொர்வேஜியப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலயத்துக்குள் சூடாக்கும் குழாய் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மறுக்கிற ஆள் காரணம் சொல்லவேணும். அதுவும் உங்கடை முறைதானே," என்றாள் நிலூஜா. "சொல்லுறன். பேரில்லாத ஆளுக்கு என்னெண்டு இரங்கிறது? அந்தப் பெட்டிக்குள்ளை பாரியார் எண்டு ஒருத்தரும் இல்லை. அன்னார் எண்டும் ஒருத்தரும் இல்லை. அருள்ராணி கிடக்கிறா. உங்கள் எல்லாருக்கும் ரோல்ஸ் பொரிச்சுத் தந்த அருள்ராணி. அவவுக்காகக் கை எடுக்கிறதெண்டால் அவவின்ரை பேரைச் சொல்லி எடுங்கோ. இல்லையெண்டால் ஒருத்தரும் எடுக்காதேங்கோ. இந்த நாட்டிலை நான் பதினெட்டு வயசிலையிருந்து வோட்டுப் போடுறன் மாமா. எனக்குக் கை இருக்குது."

குரல் உடைந்துவிடும் என்று பயந்தாள். உடையவில்லை. கோபம் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

"சபாநாயகர் அவர்களே, தீர்ப்பு," என்றார் யூலியன் மாமா.

அப்பா கைமணியைத் தொட்டார். அடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு நாடாவில் எழுதியிருந்ததை வாசிப்பவர்போல் மலர்வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நிலூஜாவுக்குத் தெரியும். அந்த முகத்தை அவள் முன்னொரு தரம் பார்த்திருக்கிறாள். எதிர்ப்புக்குக் கை உயர்த்துவதற்கு முன் அதே முகம்தான் இருந்தது.

"எதிர்ப்பு ஒன்று," என்றார் அவர். "தீர்மானம் தோற்றது."

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். சபாநாயகர் தன் சொந்தப் பெண்சாதியின் இரங்கல் தீர்மானத்தைத் தோற்கடித்துவிட்டார். சபைக்கு வயசு எத்தனையோ, அத்தனை வருசத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

"அங்கை கை இல்லையே!" யூலியன் மாமா கிட்டத்தட்டக் கத்தினார்.

"இருக்குது. நான் கண்டனான்," என்றார் அப்பா.

நிலூஜா மகிழ்ந்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள், ரிசாந் தலையாட்டினான். அவளுக்கோ உச்சந்தலை வரைக்கும் புதிதாக ஒரு கோபம் ஏறியது. இவ்வளவுதானா? நான் கண்டனான் என்று சொல்ல இவ்வளவுதான் வேண்டியிருந்ததா? வானம் இடிந்து விழவில்லை, சபை கலைந்து போகவில்லை. இதே வாய் இதே வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சமையலறை வாசலில் நின்ற மனுசி அதைக் காதால் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பார். அவர் பெரிதாக ஒன்றும் செய்திருக்கவும் மாட்டார். அதற்குக்கூட இந்த மனிதர் அவரை விட்டுவைக்கவில்லை. முடியாமல் இருந்தவரை மன்னிக்கலாம். முடிந்தும் செய்யாமல் இருந்தவரை என்ன செய்வது?

"தீர்மானம் இல்லாமல் சபை பெட்டியைத் தூக்கேலாது. இப்ப என்ன செய்யிறது?" என்று யூலியன் மாமா கேட்டார். ஆத்திரத்தைவிட அவர் குரலில் திகைப்புத்தான் அதிகம் இருந்தது.

"அவவைத் தூக்கிறதுக்குத் தீர்மானம் வேணுமே?" என்றார் யோசெப்பின் மாமி. "கை இருக்கிற ஆக்கள் தூக்குங்கோ. சுவாமி, நீங்கள் தொடங்குங்கோ. அந்தத் தம்பி கதவடியிலை மணி பாத்துக்கொண்டு நிக்குது."

சுவாமி எழும்பினார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். அப்பா மட்டும் தலைமாட்டில் தனியே நின்றார். சால்வையில் குத்திய ஊசிகளைக் கழற்ற முயன்றார். ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு முன்வாங்குக்கு வந்தார்.

வாங்கில் நிலூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம்தான் இருந்தது. அதில் அவளுடைய கோட் கிடந்தது, விளிம்பெல்லாம் பனி உருகி நனைந்து. அவள் அதை எடுக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். சுவாமி பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுவிட்டார், சனம் எழும்பித் திரும்ப இருந்துவிட்டது, அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பிறகு குனிந்து அந்தக் கோட்டைத் தானே தூக்கினார். அது கிடந்த இடத்தில் அமர்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கள் சகோதரி அருள்ராணிக்காக," என்று சுவாமி தொடங்கினார்.

கோட்டிலிருந்த ஈரம் அவருடைய கறுப்புக் காற்சட்டையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. செபம் முடியும் வரைக்கும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. நிலூஜாவும் திருப்பிக் கேட்கவில்லை.